பதினாறும் பதிமூன்றும்

எங்கள் சூசைபட்டியில் முக்கால்வாசிப் பேர் ஜூன் மாதம் முதல் தேதி பிறந்தவர்கள். பெற்றவள் ஐப்பசி அடைமழையில் பெற்றிருப்பாள், சித்திரை வெயிலில் பெற்றிருப்பாள், அதெல்லாம் செல்லாது. பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனால் தலைமை ஆசிரியர் வலது கையைத் தலைக்கு மேலே வளைத்து இடது காதைத் தொடச் சொல்வார். தொட்டால் ஐந்து வயது. தொடாவிட்டால் அடுத்த வருஷம் வா. தொட்ட பிள்ளைகளுக்கெல்லாம் ஜூன் ஒன்று என்று வரிசையாக எழுதிவிட்டு ஒரு சிமிட்டா பொடி போட்டுக்கொள்வார். அதற்காக யாரும் அவரோடு சண்டைக்குப் போனதில்லை. மாடு பூட்டிக் கிணற்றில் கவலை ஓட்ட முடிந்தவன் முழு ஆள், களை பிடுங்க மட்டும் முடிந்தவன் அரை ஆள், இரண்டும் முடியாதவர்கள் வீட்டில் கோழியைப் பார்த்துக்கொள்ள வேண்டியது. இந்த மூன்று வகையை வைத்துக்கொண்டே ஊர் ஓடிக்கொண்டிருந்தது.

அப்படிப்பட்ட ஊரிலிருந்து போன ஒரு பிள்ளையின் வயதை விசாரிக்கத் திண்டுக்கல்லில் ஒரு விளையாட்டுக் கமிட்டி உட்கார்ந்தது. அறுபத்து மூன்றாம் வருஷம், தைப் பொங்கல் முடிந்த வாரம்.

அந்தப் பிள்ளை ரோஸ்மேரி. இருதயநாதன் மகள். அவனுக்கு ஊருக்குக் கிழக்கே அரை ஏக்கர் நிலமும் பாதிக் கிணறும் உண்டு. விடிவதற்கு முன்னால் அவன் மாட்டைப் பூட்டிக் கவலை இறைப்பான். அவன் பெண்டாட்டி செபஸ்தியம்மாளும் பக்கத்து வீட்டு ஒச்சாயியும் கனகாம்பரம் பறிப்பார்கள். சிறுமலையிலிருந்து இறங்குகிற குளிர்காற்றில் விரல் மரத்துப் போகும். பறித்த பூவைக் கூடையில் போட்டு ஈரத்துணி மூடித் தலையில் வைத்துவிட்டால் ரோஸ்மேரி ஓடவேண்டும். ரோடு ஒரு மைல். வடமதுரையிலிருந்து வருகிற முதல் பஸ் போய்விட்டால் டவுன் சந்தையில் அந்தப் பூவை யாரும் சீந்தமாட்டார்கள்.

ஞானராஜ் சார் அந்த பஸ்ஸில்தான் அவளை முதலில் பார்த்தார். அவர் எங்கள் பக்கத்து உயர்நிலைப் பள்ளிக்கூடத்தின் டிரில் மாஸ்டர். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தவர், வரப்பில் ஒரு கூடை பஸ்ஸுக்குச் சரியாக ஓடி வருவதைப் பார்த்து எழுந்து நின்றுவிட்டாராம். கூடையில் ஒரு பூ சிந்தவில்லை. தன் பள்ளிக்கூடத்தில் படிக்கிற பிள்ளைதான் என்று தெரிந்ததும் மறு வாரமே அவளை மைதானத்தில் நிறுத்தினார். ஜூனியர் பிரிவு, பதினான்கு வயதுக்கு உட்பட்டவர்கள், இருநூற்று இருபது கஜம். டவுனில் நடந்த பள்ளிக்கூடங்களின் போட்டியில் முதல் சுற்றிலேயே டவுன் பிள்ளைகளைப் பத்தடி பின்னால் விட்டாள். இறுதிப் போட்டி சனிக்கிழமை. அதில் ஜெயித்தால் மதுரைப் போட்டி.

புதன்கிழமை காலையில் ஞானராஜ் சார் சைக்கிளை வரப்பில் போட்டுவிட்டுப் பூங்காட்டுக்குள் வந்தார். முகம் சரியில்லை.

"யம்மா, ரோஸ்மேரிக்கு என்ன வயசு?"

"புஸ்தகத்துல என்ன போட்டிருக்கோ அதுதான் சார்," என்றாள் செபஸ்தியம்மாள், பறிப்பதை நிறுத்தாமல்.

"எந்தப் புஸ்தகத்துல?"

அவள் நிமிர்ந்தாள். அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். டவுன் பள்ளிக்கூடம் ஒன்று ஆட்சேபணை எழுதியிருந்தது. அவர்களுடைய டிரில் மாஸ்டருக்கு எங்கள் ஊரில் சம்பந்தம் உண்டு. அவர் யாரைப் பிடித்தாரோ, பங்குக் கோயில் ஞானஸ்நானப் புத்தகத்திலிருந்து ஒரு நகல் வாங்கிவிட்டார்.

"இருதயநாதன், செபஸ்தியம்மாள் இவங்க மகள் ரோஸ்மேரி. பொறந்தது நாப்பத்தேழு பிப்ரவரி ஒம்பது. அப்ப பதினாறு நடக்குது. நம்ம பள்ளிக்கூடத்துல நாப்பத்தொம்பது ஜூன் ஒண்ணுன்னு இருக்கு. பதிமூணு. எது நெசம்?"

செபஸ்தியம்மாளின் மடியிலிருந்த பூ தரையில் கொட்டியது. குனிந்து அள்ளக்கூட இல்லை. ஒச்சாயிதான் அள்ளினாள்.

"எம்பிள்ளைக்குப் பதிமூணுதான் சார்."

"அப்ப இந்தப் பேரு?"

அவள் ஒச்சாயியைப் பார்த்தாள். சார் குரலை இறக்கிக்கொண்டார். "நான் ஒங்கள நம்புறேன். கமிட்டி நம்பாது. வயச மறைச்சாங்கன்னு முடிவாச்சுன்னா மூணு வருசத்துக்கு அவ எந்த மைதானத்துலயும் கால் வைக்க முடியாது. அதுக்குப் பதிலா, தெரியாம வயசத் தப்பாக் குடுத்துட்டோம், வெலகிக்கிறோம்னு நீங்க ரெண்டு வரி எழுதிக் குடுத்தா, காதும் காதும் வச்ச மாதிரி முடிச்சிரலாம்னு சொல்றாங்க."

"பொய் சொன்னோம்னு எழுதிக் குடுக்கணும்."

"அப்படி இல்லம்மா..."

"அப்படித்தான் சார்," என்றாள் செபஸ்தியம்மாள். "பூவுக்கு நேரமாச்சு. நீங்க போங்க. சனிக்கெழம வாரோம்."

அன்று பொழுது சாய்வதற்குள் செய்தி வத்தலக்குண்டு வரைக்கும் போய்விட்டது. அங்கே பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் இட்லிக் கடை வைத்திருப்பவள் இருதயநாதனின் அக்காள். கண்டக்டரிடம் சொல்லி அனுப்பியிருந்தாள். புத்தகத்தில் பதினாறு என்றால் இன்னும் எதற்குப் பிள்ளையை வெயிலில் ஓடவிட வேண்டும், என் மகனுக்கு இந்த மாசியிலேயே பேசி முடித்துவிடலாம் என்று. போன வருஷம் வரைக்கும் மருமகள் இன்னும் சின்னப்பிள்ளை என்று தலையைத் தடவிவிட்டுப் போனவள்தான். ஒரு நகல் தாள் வந்ததும் மூன்று வயதைக் கூட்டிக்கொள்ள அவளுக்கு ஒரு நாழிகைகூடப் பிடிக்கவில்லை.

சோளச்சோறும் வெஞ்சனத்துக்குச் சுட்ட கருவாடும் வைத்து இருதயநாதனைச் சாப்பிடச் சொன்னாள் செபஸ்தியம்மாள். அவன் நல்லவன். நல்லவன் என்றால், யார் எதைச் சொன்னாலும் அதிலும் ஒரு ஞாயம் இருக்கிறது என்பவன்.

"எழுதிக் குடுத்துட்டா என்ன புள்ள? ஓட்டமா சோறு போடப்போகுது?"

"எழுதிக் குடுத்தா அவ பதினாறுன்னு ஆயிருது. மக்யா நாளு ஒங்க அக்கா தாம்பூலத்தோட வந்து நிப்பாக."

"அவளும் அந்நியமா? நம்ம ரத்தந்தானே."

"ரத்தமா இருந்தாலும் பதிமூணு வயசுப் பிள்ளைய எடுத்துக் குடுக்க நான் கத்தரிக்காயா வித்துக்கிட்டிருக்கேன்?"

"அப்ப புஸ்தகத்துல இருக்கிறது?"

"புஸ்தகத்துல இருக்கிறது யாருன்னு ஒங்களுக்குத் தெரியாதா?" என்று கத்திவிட்டாள்.

தண்ணீர்ச் செம்போடு வந்த ரோஸ்மேரி வாசலிலேயே நின்றாள். இருதயநாதன் சோற்றைப் பார்த்தபடி இருந்தான்.

"யாரும்மா அது?"

செபஸ்தியம்மாள் பதின்மூன்று வருஷமாகச் சொல்லாததை அடுப்படியில் உட்கார்ந்தபடியே சொன்னாள். கல்யாணமான புதிதில் இருவரும் சிறுமலையில் காப்பித் தோட்டத்து வேலைக்குப் போனவர்கள். ஒச்சாயியும் கூட வந்திருந்தாள். ஊரில் பிறந்து ஞானஸ்நானமும் வாங்கிய மூத்த பிள்ளையைத் தூக்கிக்கொண்டுதான் மலை ஏறினார்கள். இரண்டு வயதில் அதற்குக் கழிச்சல் கண்டது. மூன்றே நாள். கீழே இறக்கிக் கொண்டுவர நேரமில்லாமல் தோட்டத்து ஓரத்திலேயே புதைத்தார்கள். அப்போது செபஸ்தியம்மாளுக்கு வயிற்றில் மாசம். அந்தக் கார்த்திகையில் இன்னொரு பெண் பிறந்தது. மூச்சு நிற்குமோ என்கிற மாதிரி இருந்ததால் மலைக்கு வந்திருந்த, எங்கள் கோயில் காரியம் பார்க்கிற உபதேசியார் அவசரமாகத் தண்ணீர் ஊற்றி ஞானஸ்நானம் கொடுத்தார். என்ன பேர் என்று கேட்டார்.

"போனவ பேரு என்னம்மா?" என்றாள் ரோஸ்மேரி.

"ஒம் பேருதான். போனவளே திரும்பி வந்துட்டான்னு நெனச்சேன். அதனால அதே பேரச் சொன்னேன்."

எங்கள் பக்கம் அது உள்ள வழக்கம்தான். போன பிள்ளையின் பெயரை அடுத்த பிள்ளைக்கு வைப்பார்கள். ஆனால் கோயில் புத்தகத்தில் இரண்டையும் எழுதுவார்கள். மலையிலிருந்து இறங்கி வந்ததும் செபஸ்தியம்மாள் கைப்பிள்ளையோடு உபதேசியாரிடம் போனாள். அவருக்கு வயதாகிவிட்டது, மறதி. புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "ரோஸ்மேரி பேரு இருக்கேம்மா, நான்தான் எழுதியிருக்கேன், போதும் போ," என்றார். அவளும் தலையாட்டிவிட்டு வந்துவிட்டாள்.

"அது செத்துப்போச்சு, இது வேறன்னு நான் சொல்லியிருக்கணும்," என்றாள். "செத்துப்போச்சுன்னு சொல்ல வாயி வரல. சொன்னா அந்த வரிய அடிச்சிருவாகளேன்னு இருந்துச்சு. அவ இருந்ததுக்கு வேற என்ன இருக்கு எங்கிட்ட? அதான். எந் தப்புதான்."

அவள் அழுதாள். இருதயநாதன் சோற்றுக் கையோடு எழுந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். ரோஸ்மேரி செம்பைக் கீழே வைக்கவே இல்லை.

மறுநாள் செபஸ்தியம்மாள் ஒச்சாயியைக் கூட்டிக்கொண்டு கோயிலுக்குப் போனாள். பங்குச் சாமியார் புதிதாக வந்தவர். பொறுமையாகக் கேட்டார்.

"சாட்சி இருக்கா?"

"நான்தான் சாமி," என்றாள் ஒச்சாயி. "குழி வெட்டுனது இவ புருசன். பிள்ளைய எறக்குனது நானு. எங்களுக்கு மாரியாத்தா, ஒங்களுக்கு மாதா. அதுக்காக நான் எறக்குன பிள்ளை இல்லன்னு ஆயிருமா?"

சாமியார் சிரிக்கவில்லை. "ஆகாதும்மா. ஒங்க சாட்சி செல்லும். ஆனா பழைய வரியில கைவைக்க மேலிடத்து உத்தரவு வாங்கணும். ஒரு வாரமாவது ஆகும்."

"சனிக்கெழம ஓட்டம் சாமி."

"சனிக்கிழமைக்குள்ள முடியாது. விசாரணை நடக்குதுன்னு ஒரு கடுதாசி தாரேன். கொண்டு போங்க."

அந்தக் கடுதாசியைச் செபஸ்தியம்மாள் ரவிக்கைக்குள் வைத்துக்கொள்ள, சனிக்கிழமை எல்லோரும் பஸ் ஏறினோம். சந்தையில் பூவை விற்றுவிட்டு வெறும் கூடையோடு மைதானத்துக்குப் போனோம். டவுன் மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டு, ஓரத்தில் ஷாமியானா கட்டி, அதற்குள் கமிட்டி உட்கார்ந்திருந்தது. காரியதரிசி ராமர் என்பவர். கெட்ட மனிதர் என்று சொல்ல மாட்டேன். மேசையில் மூன்று நோட்டு வைத்திருந்தார், சப்ஜூனியர், ஜூனியர், சீனியர் என்று. உலகத்தில் யாராக இருந்தாலும் அந்த மூன்றில் ஒன்றுக்குள் அடங்கிவிட வேண்டும் என்பது அவர் கொள்கை.

கடுதாசியைப் படித்தார். "விசாரணை நடக்குதுன்னுதான் போட்டிருக்கு. பதிமூணுன்னு போடலியே. ஜூனியர்ல விட முடியாதும்மா. விலகல் கடுதாசில கையெழுத்துப் போட்டுட்டுப் போங்க."

"போடமாட்டேன்."

"போடலேன்னா மூணு வருசம் தடை."

"அய்யா, நான் ஒண்ணு கேக்கலாமா?" என்றாள் செபஸ்தியம்மாள். "அவளுக்குப் பதினாறுன்னா எதுல ஓடணும்?"

"சீனியர்ல."

"பதிமூணு வயசுப் பிள்ளை பெரியவளுகளோட ஓடுனா குத்தமா?"

"குத்தமில்ல. பெரியது சின்னதுகளோட ஓடத்தான் கூடாது. சின்னது பெரியதோட ஓடலாம். யாரு ஓடுவா? தோத்துல்ல போகும்."

"அப்ப எந்தப் புஸ்தகம் நெசமா இருந்தாலும் எம்பிள்ள சீனியர்ல ஓடலாம். அதுல பேர எழுதுங்க."

ஞானராஜ் சார் பதறிப்போனார். "யம்மா, அதுகளெல்லாம் காலேஜுக்குப் போகப்போற பிள்ளைக. பூட்ஸ் போட்டு ஓடுறதுக."

"எம்பிள்ள பஸ்ஸோட ஓடுனது சார். பூட்ஸ விட பஸ்ஸு பெருசு."

ராமர் பேனாவால் மேசையைத் தட்டினார். சட்டத்தில் இடம் இருந்தது. சட்டத்தில் இடம் இருப்பதுதான் அவருக்குப் பிடிக்கவில்லை. "எழுதுறேன். ஆனா ஒண்ணு. பதினாறு பதினேழு வயசுப் பிள்ளைகள ஒரு பதிமூணு ஜெயிக்க முடியாது. இவ ஜெயிச்சுட்டா, பதினாறுதான்னு நீங்களே காட்டிக் குடுத்த மாதிரி. தோத்தா, சரி, பதிமூணாத்தான் இருக்கும்னு நாங்களும் நெனப்போம்."

"நல்லாருக்குய்யா ஞாயம்," என்றாள் செபஸ்தியம்மாள். "ஜெயிச்சாப் பொய்க்காரி, தோத்தா யோக்கியமானவ."

ராமர் சீனியர் நோட்டைத் திறந்தார்.

இருதயநாதன் மகளைக் கூடாரத்துக்குப் பின்னால் அழைத்துப் போனான். அவனுக்கு அவர் சொன்னதிலும் ஒரு ஞாயம் தெரிந்துவிட்டது. "ஏத்தா, மெதுவா ஓடிரு. கடேசியா வந்தாப் போதும். வயசு சரின்னு ஆயிரும். ஒங்க அத்தையும் வாயைத் தெறக்க மாட்டா. எல்லாம் ஒழிஞ்சுது."

யோசித்துப் பார்த்தால் அந்த நல்ல மனிதன் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. பத்தடி பின்தங்கி ஓடினால் போதும். பெயர் பிழைக்கும், கல்யாணம் தள்ளிப் போகும், தடையும் இல்லை. அந்தப் பிள்ளை அம்மாவைப் பார்த்தது. செபஸ்தியம்மாள், இதை மகளே முடிவு செய்யட்டும் என்று நின்றாள்.

"எனக்கு மெதுவா ஓடத் தெரியாதுப்பா," என்றாள் ரோஸ்மேரி.

பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கோட்டுக்குப் போனாள். ஐந்து பெண்கள் வெள்ளை கான்வாஸ் ஷூ போட்டு நின்றார்கள். அவள் ஒருத்திதான் வெறுங்கால், அவர்கள் தோளுக்குக் கீழே தலை. கூட்டத்தில் யாரோ, "ஏலே, வேலைக்காரப் பிள்ளையும் ஓடுதுடா," என்றான். ஒச்சாயி திரும்பி அவனுக்குச் சொன்ன பதிலை இங்கே எழுத முடியாது.

விசில் ஊதினார்கள். முதல் ஐம்பது கஜத்தில் ரோஸ்மேரி கடைசியில் இருந்தாள். அந்தப் பெண்களுக்குப் புறப்படத் தெரிந்திருந்தது. இருதயநாதன், "அப்பாடா," என்றான். வளைவில் இரண்டு பேரைத் தாண்டினாள். கழுத்து அசையாமல், தலையில் இன்னும் கூடை இருப்பது போலத்தான் ஓடினாள். மூன்றாவது பெண்ணைத் தாண்டியபோது ஞானராஜ் சார் கடிகாரத்தை மறந்து கத்த ஆரம்பித்தார். இரண்டாவதாக ஓடியவள் திரும்பிப் பார்த்தாள். திரும்பிப் பார்த்ததில் அவளும் போனாள். எதிரே ஒருத்திதான் மிச்சம், உயரமான பெண், பதினேழு இருக்கும். செபஸ்தியம்மாள் கோட்டோரமாகக் கூடவே ஓடினாள். "ஓடுடி! ஓடுடி!" என்று அவள் கத்தியது மைதானம் முழுக்கக் கேட்டது. ஒரு கை தூரத்தில் உயரமான பெண் முந்திக்கொண்டாள்.

ரோஸ்மேரி இரண்டாவது.

மூச்சு வாங்கிக்கொண்டே அந்த உயரமான பெண் வந்து ரோஸ்மேரியின் கையைப் பிடித்து, "நீ எந்த ஊரு?" என்று கேட்டாள். அன்றைக்கு வயதைக் கேட்காத ஒரே ஆள் அவள்தான்.

எல்லோரும் மேசைக்கு வந்தோம். சர்டிபிகேட்டில் பெயர், பள்ளி, வயது என்று மூன்று கோடு இருந்தது. இரண்டை எழுதிவிட்டு ராமரின் பேனா நின்றது. அப்போது ஒச்சாயி முன்னால் வந்தாள்.

"ஏய்யா, ஜெயிச்சாப் பதினாறு, தோத்தாப் பதிமூணுன்னீகளே. ரெண்டாவது வந்தா எம்புட்டு? பதினாலரையா?"

ஷாமியானாவே சிரித்தது. கமிட்டியில் உட்கார்ந்திருந்த வயதான வாத்தியார் ஒருவர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ராமர் முகம் சிவந்துபோய், "பள்ளிக்கூடப் புத்தகத்துல என்ன இருக்கோ அதைப் போடுறேன். கோயில் உத்தரவு வந்ததும் சரிபார்ப்போம்," என்று சொல்லிப் பதின்மூன்று என்று எழுதினார். அதன் கீழே கையெழுத்தும் போட்டார். சீனியர் பிரிவு, இரண்டாம் இடம், வயது பதின்மூன்று. தடை என்கிற பேச்சை அதற்குப் பிறகு யாரும் எடுக்கவில்லை.

திரும்பி வருகிற பஸ்ஸில் இருதயநாதன் கேட்டான். "அக்காளுக்கு என்ன புள்ள சொல்லிவிட?"

"ஓட்டத்துக்குப் பதினாறு, கல்யாணத்துக்குப் பதிமூணுன்னு சொல்லுங்க."

அடுத்த வாரத்தில் ஒரு நாள் காலைப் பூசை முடிந்ததும் சாமியார் ஆளனுப்பினார். உத்தரவு வந்துவிட்டது. செபஸ்தியம்மாள் கையில் பூக்காம்புச் சாயத்தோடு அப்படியே வந்தாள். ரோஸ்மேரி தலையில் பூக்கூடையோடு வாசலில் நின்றாள். சாமியார் பழைய புத்தகத்தை விரித்து வைத்திருந்தார்.

"என்ன எழுதணும், சொல்லும்மா."

அவள் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள். பிறகு சத்தமாகவே சொன்னாள். "எம் மூத்த மக ரோஸ்மேரி செத்துப்போச்சு சாமி. நாப்பத்தொம்பது, மாசி மாசம். சிறுமலையில."

"சரி."

"அந்த வரிய அடிக்கவேணாம் சாமி."

"அடிக்கமாட்டேன். பக்கத்துல இறப்பு எழுதுவேன், அவ்வளவுதான்." எழுதினார். பிறகு வேறு பக்கம் திருப்பினார். "இவளுக்குப் புது வரி. நான் ஒரு யோசனை சொல்றேன். வேற ஒரு புனிதை பேரும் சேத்துக்குவோம். நாளைக்கு இதே குழப்பம் வராது பாரு."

செபஸ்தியம்மாள் மகளைத் திரும்பிப் பார்த்தாள். தாய்க்கும் அது சரி என்றுதான் பட்டது போலிருந்தது. ரோடு பக்கம் பஸ்ஸின் ஹார்ன் சத்தம் மெல்லக் கேட்டது.

"வேணாம் சாமி," என்றாள் ரோஸ்மேரி, வாசலிலிருந்தே. "அக்கா பேரு அது. அவ வயசுக்காரிகளோட ஓடி இந்தப் பேர நான் வாங்கியிருக்கேன். யாருக்கும் குடுக்கமாட்டேன். அப்படியே எழுதுங்க."

சொல்லிவிட்டு, சாமியார் எழுதுகிறாரா என்று பார்க்கக்கூட நிற்காமல், கூடையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு ரோட்டைப் பார்த்து ஓடினாள்.